வேனுக்குள் விருந்து

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதியது இல்லை. ஒரு சிக்னலில் எஞ்சினை அணைத்துவிட்டு, மறுபடி கிளப்பத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்தி என் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இது என் மடியில் வந்து விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தலை முழுக்க நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன் நான். முழங்கால் இரண்டும் கூடிப் பேசி வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டதால் வேறு வழியில்லை. எனக்கு வாய்த்த ஆசிரியைக்கு நாற்பது தாண்டியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. நான் ஓட்டுகிற அழகுக்கு, அந்தப் பிரேக்தான் எங்கள் இருவர் வீட்டிலும் விளக்கெரிய வைத்தது.

காலை வகுப்புக்கு நான் ஒரு பன்னோடு போவேன். தனியாகத் தின்பது மரியாதை இல்லை என்று பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டுவேன். "வேணாம் சார்" என்பார். "அட, அரைப் பன்னுதானே டீச்சர், இதுல என்ன ஆகிடப் போகுது?" என்பேன். தினமும் இதே பாட்டு. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது நான் மறுபடி நீட்ட, அவர் நிதானமாகச் சொன்னார்.

"சார், எனக்கு ஆபரேஷன் பண்ணி வயித்தைச் சின்னதாக்கிட்டாங்க. உடம்பு இளைக்கிறதுக்கு. நீங்க குடுக்கிற அரைப் பன்னு எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இப்போ பச்சை விழுந்துடுச்சு, க்ளட்ச்சை மெதுவா விடுங்க."

மெதுவாகவா? மொத்தமாக விட்டேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அடங்கிப்போனது. அப்புறம்தான் அந்த ஹாரன் கச்சேரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "இதை எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதிக்கோங்க. ஆனா என்னைப் பாவமா எழுதாதீங்க. எங்க அண்ணனைக் கெட்டவரா எழுதாதீங்க" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போறதா, இனிமே போகவே வேணாமான்னு எனக்குத் தெரியலை. எழுதும்போது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

ஆக, இந்தக் கதைக்கு ஒரு கெடு இருக்கிறது. என் கதைகளுக்குப் பத்திரிகைகள் கெடு வைத்ததுண்டு, கதாபாத்திரம் வைத்தது இதுதான் முதல் தடவை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

கண்ணாடி முன் நின்ற அவள், அதற்குள்ளிருந்து தன்னைப் பார்த்த மெலிந்த அந்நியப் பெண்ணை—

[விட்டுவிட்டேன். உடம்பைப் பற்றி எந்தக் கதை எழுதினாலும் ஒரு கண்ணாடி வந்து நின்றுவிடுகிறது. டீச்சரிடம் சொல்லிக் காட்டினேன். "நான் கண்ணாடியில பின்னாடி வர்ற லாரியைத்தான் சார் பாப்பேன், நீங்களும் கொஞ்சம் பாருங்க" என்றார். உண்மையிலேயே லாரி வந்துகொண்டிருந்தது.]

இரண்டாவது தொடக்கம்:

மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, வாழ்க்கை என்பது என்ன என்று அவள்—

[சுவர் பச்சையாம். அவர் யோசித்துக்கொண்டிருந்தது, பக்கத்துக் கட்டில்காரி விடும் குறட்டையைப் பற்றியாம்.]

மூன்றாவதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அவரே சொன்னது, நான் கோத்தது மட்டும்தான்.

ஓட்டுநர் பள்ளிக் காரில் சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. முன்னால் இழுத்தால் வயிறு டாஷ்போர்டில் இடித்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருந்தது, சில வருஷங்கள் அதில் சமாளித்தாள். பிறகு அந்த இடமும் இல்லாமல் போயிற்று. ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. இவள் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு நொடி பிந்திவிட்டது. சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, திட்டிவிட்டுப் போய்விட்டார். முதலாளி அவளைக் கூப்பிட்டு, இனி ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்றார். அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அழகுக்காக இல்லை, ஆயுசுக்காகக்கூட இல்லை. அந்தச் சீட்டுக்காக.

(காரில் நான் அவரை 'அவர்' என்கிறேன், கதையில் 'அவள்' என்கிறேன். கேட்டுவிட்டேன். "வீட்டுல நான் எல்லாருக்கும் வாடி போடிதான் சார், கதையில மட்டும் எதுக்கு மரியாதை" என்று சிரித்தார்.)

3

இனி அவளுக்குப் பாப்பா என்று பெயர். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைக்குட்டி என்பதால் வைத்த செல்லப் பெயர், கீழே இறக்கி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. எடை பார்க்கும் மெஷின் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்ற காலத்திலும் அவள் பாப்பாதான்.

அண்ணன் சமையல் கான்ட்ராக்டர். கல்யாணமோ கம்பெனி விழாவோ, பெரிய பெரிய பாத்திரங்களோடு வேனில் போய் இறங்குவார். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கே சமைத்துச் சலித்துப்போகிற மனிதர், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் யாரிடமும் வேலை ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றைக்கு வீட்டுக்குச் சமைப்பார். அம்மா அவரோடுதான் இருக்கிறார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சித்தப்பா வருவார். நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கும் பாப்பா பஸ் மாறி வருவாள்.

அந்த வீட்டில் பரிமாறும்போது "எவ்வளவு?" என்று கேட்கக் கூடாது. அது எழுதாத சட்டம். "அளவு கேட்டுப் போடுறது கடையில. வீட்டுல போட்டுக்கிட்டே இருக்கணும்" என்பார் அண்ணன். போதும் என்று தட்டின்மேல் கையை வைத்து மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றுவார். கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சாப்பிட வேண்டியதுதான்.

எல்லாருக்கும் போட்டுவிட்டு அவர் உட்கார மாட்டார். பாப்பாவுக்கு எதிரே, தோளில் துண்டோடு நிற்பார். அவள் முதல் வாய் எடுக்கும்போது அவருடைய வாயும் லேசாகத் திறக்கும். அவள் தலையாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சே வரும். "ஊர்க்காரங்க சாப்பிட்டா எனக்குக் காசு. பாப்பா சாப்பிட்டாத்தான் அது சமையல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

என்ன சமையல், என்ன குழம்பு, என்ன வறுவல் என்று கேட்காதீர்கள். எழுத ஆரம்பித்தால் எனக்கே பசிக்கும், கதை அடுப்படியிலேயே நின்றுவிடும்.

யோசித்துப் பார்த்தால், ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த வீட்டில் அண்ணிக்குக் கணக்கு, சித்தப்பாவுக்குக் கிண்டல், அம்மாவுக்குக் கவலை. பாப்பாவின் வேலை சாப்பிடுவது. அதில் அவள் கெட்டிக்காரி. அந்த வேலையைத்தான் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

4

ஆபரேஷன் முடிந்து, கஞ்சியும் கூழுமாகக் கழிந்த நாட்களும் முடிந்து, அவள் முதன்முதலாக அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தாள். இந்தக் கட்டத்தை நான் இப்படி எழுதியிருந்தேன்:

"என் சமையலை அவமானப்படுத்துறியா?" என்று அண்ணன் கர்ஜித்தார். அவர் கண்களில்—

ஓட்டிக்கொண்டே இதைச் சொல்லிக் காட்டிய மறுநொடி கார் குலுங்கி நின்றது. டீச்சர் தன் பிரேக்கை மிதித்திருந்தார். முன்னால் ஒரு பூனைகூட இல்லை.

"எங்க அண்ணன் கர்ஜிக்க மாட்டாரு சார். அவருக்குக் கோவம் வந்தா பாத்திரம் கழுவுவாரு. சோகம் வந்தாலும் பாத்திரம்தான். நீங்க வேற யாரோட அண்ணனையோ எழுதியிருக்கீங்க."

உண்மைதான். ஒரு கதைக்கு யாராவது கெட்டவர் வேண்டும் என்கிற பழக்கத்தில் கைபோன போக்கில் எழுதிவிட்டேன். அந்த அண்ணனை அடித்துவிட்டு இந்த அண்ணனை எழுதுகிறேன். இவரை எழுதுவதுதான் சிரமம், ஏனென்றால் இவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

பாப்பா தன்னுடைய சின்னத் தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். முதலில் முட்டை, பிறகு மீனில் ஒரு துண்டு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றாள். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. நாலைந்து வாயில் வயிறு நிறைந்துவிட்டது. அண்ணன் கையில் கரண்டியோடு நின்றபடியே இருந்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒரு வாய், பாப்பா" என்றார் கடைசியில். அதட்டவில்லை. கெஞ்சினார்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் தட்டோரம் வைத்திருந்த இனிப்பை எடுத்து வாயில் போட்டாள். அவர் முகம் மலர்ந்தது. இன்னொன்றும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, கூடம் சுற்றியது. அம்மாவின் கட்டிலில் போய் விழுந்தாள். வெட்டி ஒட்டிய வயிற்றுக்குச் சர்க்கரை இப்படிச் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வீட்டுக்குத்தான் தெரியாது. அண்ணி விசிறினாள், அம்மா அழுதார், சித்தப்பா ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடலாமா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் பின்கட்டில் பாத்திரம் கழுவினார். அழுக்குப் பாத்திரம் தீர்ந்ததும் சுத்தமான பாத்திரங்களை எடுத்துக் கழுவினார்.

அன்றோடு கெஞ்சுவது நின்றது, காவல் ஆரம்பித்தது. வயிறு நிறைந்தால் பாப்பாவுக்கு ஒரு தும்மல் வரும். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு விக்கல் வருமாம், சிலருக்கு மூக்கில் நீர் வருமாம். இவளுக்குத் தும்மல். ஒரு பேச்சுக்கு இதை அண்ணியிடம் சொல்லிவைத்தாள். அடுத்த மாதம் அடுப்படியிலிருந்து மிளகாய் நெடி வந்தது. பாப்பா இரண்டாவது வாயிலேயே தும்மினாள்.

"தும்மிட்டா!" என்று கத்தினார் சித்தப்பா, விக்கெட் விழுந்த மாதிரி.

அண்ணி தட்டைத் தூக்கினாள். சித்தப்பா நாற்காலியோடு பாப்பாவை மேஜையைவிட்டுப் பின்னால் இழுத்தார். "இல்ல அண்ணி, இது மிளகாத் தும்மல்" என்று பாப்பா சொல்லி முடிப்பதற்குள் முட்டை அடுப்படிக்குப் போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பசித்தது.

5

அடுத்த மாதம் அண்ணி போன் செய்தாள்.

"பாப்பா, இந்த ஞாயித்துக்கிழமை சாப்பாடே கிடையாது. உங்கண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். அடுப்பே பத்த வைக்கப் போறதில்ல. நீ சும்மா வா, எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம். உன்னைவிடவா எங்களுக்குச் சாப்பாடு பெருசு?"

இதை ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? பாப்பா நெகிழ்ந்துபோனாள். நன்றி சொன்னாள்.

(இந்த இடத்தில் நான் அண்ணியைச் சந்தேகப்பட்டேன். உள்ளுக்குள் ஏதாவது வன்மம் இருக்குமோ என்று துருவித் துருவிக் கேட்டேன். "அண்ணி தங்கம் சார்" என்றார் டீச்சர். கதைக்கு அது பெரிய இடைஞ்சல்.)

போனபோது சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் ஒரு பூ ஜாடி வைத்திருந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஏதோ நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, இந்தக் குடும்பத்துக்குப் பேசத் தெரியாது. இத்தனை வருஷமும் அவர்கள் பேசியதெல்லாம் 'இதைப் போட்டுக்கோ', 'அது ஆறிடும்', 'அந்தக் கிண்ணத்தை இப்படி நகர்த்து' என்பதுதான். அதற்கு நடுவில்தான் யாருக்கு வேலை போயிற்று, யாருக்கு முதுகுவலி என்பதெல்லாம் வந்து விழும். மேஜையை எடுத்துவிட்டால் எதன்மேல் விழும்? சித்தப்பா வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு போன வருஷத்து வெயிலைப் பற்றிப் பேசினார். அண்ணன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி இல்லாத அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணி, காயப்போட்ட துணியை எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள், முகம் மட்டும் தெளிந்திருந்தது. வேனுக்கு டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று அண்ணன் போனார். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா போனார். அவருடைய போன் நாற்காலியிலேயே கிடந்தது. பாப்பாவும் அம்மாவும் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அண்ணி மறுபடி துணி எடுக்கப் போனாள். கூடத்தில் அம்மாவும் மகளும் மட்டும்தான் மிச்சம்.

6

பின்வாசல் வழியாகச் சந்துக்குப் போனாள் பாப்பா. அங்கே அண்ணனின் சமையல் வேன் நின்றது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கண்ணாடிகளில் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது, ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் தெளிவாக இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள்.

அண்ணன் குனிந்து குந்தியிருந்தார், முன்னால் பெரிய பாத்திரம். அண்ணி கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா ஸ்டெப்னி டயரின்மேல். ஆளுக்கொரு தட்டு. தலையைக் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். வாயில் இருப்பதை விழுங்குவதற்கு முன்பே அடுத்த வாய். அண்ணி நடுநடுவே முன்கண்ணாடியைத் துடைத்துப் பின்வாசலை எட்டிப் பார்த்தாள். ஒரு மூடி கீழே விழுந்து கணீரென்றது. மூன்று பேரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"நானும் அப்படித்தான் சார் சாப்பிடுவேன். குண்டா இருந்தப்போ. எல்லார் முன்னாடியும் சாப்பிட்டா தட்டைப் பாப்பாங்க, அப்புறம் என்னைப் பாப்பாங்க. அதனால கடைசி வகுப்பு முடிஞ்சதும் இந்தக் கார்லயே கண்ணாடிய ஏத்திக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, அள்ளி அள்ளி... யாராவது நடந்து போனா அப்படியே நிறுத்திடுவேன். அண்ணன் வீட்டு மேஜை ஒண்ணுதான் சார் நான் தலை நிமிர்ந்து சாப்பிட்ட இடம். அந்த மனுஷங்க இப்போ வேனுக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. என்னால. என்கிட்ட இருந்த அசிங்கத்தை அவங்களுக்குக் குடுத்துட்டேன்னு தோணிச்சு."

அவர் பாவமாக எழுதாதே என்று சொன்னதால் இதற்குமேல் இந்த இடத்தில் ஒன்றும் சேர்க்காமல் விடுகிறேன். ஆனால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பாப்பா கதவைத் திறக்கவில்லை. ஓசைப்படாமல் திரும்பிவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டியா?" என்றார் அம்மா.

"ம்."

"கோவிச்சுக்காத பாப்பா. அவங்களுக்குப் பசிக்குது."

"உனக்குப் பசிக்கலையாம்மா?"

"பசிக்குதுதான்."

"அப்போ நீயும் போய்ச் சாப்பிட வேண்டியதுதானே?"

"நீ இங்க தனியா உட்கார்ந்திருப்பியே."

அம்மாவின் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்கு அப்படி ஆகும். மாலைவரை இருக்க வந்த பாப்பா, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அப்போதே கிளம்பினாள். தான் கிளம்பினால்தான் அம்மா சாப்பிடுவார்.

வாசல்வரை வந்த அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, சாப்பாடு இல்லாமலே எவ்வளவு நல்லா இருந்துச்சு! இனிமே எல்லா மாசமும் இப்படியே வச்சுக்கலாம்."

7

இதற்கு ஒரு முடிவு வேண்டும். நான் எழுதிப் பார்த்தவை கீழே.

ஒன்று. பாப்பா வேன் கதவைப் படாரென்று திறக்கிறாள். மூன்று பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்கள். சித்தப்பா வாய் நிறைய வைத்துக்கொண்டு "சும்மா காத்தாட உட்கார்ந்திருந்தோம்" என்கிறார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக, "எவ்வளவு வைக்கட்டும் பாப்பா?" என்று கேட்கிறார்.

டீச்சர்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அண்ணன் செத்தாலும் அதைக் கேக்க மாட்டாரு."

இரண்டு. பாப்பா முன்சீட்டில் ஏறி, சாவியைத் திருப்பி, பாத்திரமும் குடும்பமும் உருள உருள வேனை ஓட்டிக்கொண்டு—

டீச்சர்: "பின்னாடி ஆள் உட்கார்ந்து சாப்பிடும்போதா? லைசென்ஸ் போயிடும் சார்."

மூன்று. பாப்பா இனிமேல் அந்த வீட்டுக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை அம்மாவை வெளியே எங்காவது சந்திக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மேஜையை நடுவில் இழுத்துப்போட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

டீச்சர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இடதுபக்கம் திரும்பச் சொன்னார். நான் வலதுபக்கம் திரும்பினேன், அதையும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முடிவுதான் அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். வேன் கதையைக் கேட்டதிலிருந்து அவர் முன்னால் பன் தின்ன எனக்குச் சங்கடமாக இருந்தது. தெருமுனையிலேயே நின்று தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டையில தூள் இருக்கு சார்."

தட்டிவிட்டேன்.

"நீங்களும் வேனுக்குள்ள ஏறிட்டீங்களா?"

இன்னொரு தடவை சட்டையைத் தட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு யாரும் பட்டினி கிடக்க வேணாம் சார். ஒளிஞ்சு சாப்பிடவும் வேணாம். நாலு வாய் சாப்பிட்டுட்டு, மிச்ச நேரமெல்லாம் மத்தவங்க சாப்பிடுறதைப் பாத்துக்கிட்டு, ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்கேனே. அது ஒரு இடம்தானே? அதை ஏன் யாரும் குடுக்க மாட்டேங்கறீங்க?"

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே டீச்சர்."

"சொன்னா, 'உனக்காகத்தானே செஞ்சோம்'னு சொல்லுவாங்க. உண்மைதான், எனக்காகத்தான் செஞ்சாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசுறது? அண்ணன் பாத்திரம் கழுவப் போயிடுவாரு." கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். "முடிவு எழுதுறதா இருந்தா, நான் வேனுக்குள்ள ஏறினேன்னு எழுதாதீங்க சார். அவங்க இறங்கினாங்கன்னு எழுதுங்க."

8

நான்காவது முடிவை எழுத உட்கார்ந்தேன்.

வேன் கதவு திறந்தது. அண்ணன் கையில் பாத்திரத்தோடு—

மேற்கொண்டு ஓடவில்லை. எழுதுவது பெரிய காரியமில்லை, ஒரு பத்தியில் மூன்று பேரையும் இறக்கிவிடலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வரப்போகிறது. டீச்சர் பஸ் ஏறினால், அங்கே சந்தில் நிற்கப்போவது நான் எழுதிய வேன் இல்லை. காகிதத்தில் நான் இறக்கிவிட்டவர்கள் அங்கே உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு பொய்யை நம்பி அவரை அனுப்ப எனக்கு மனசில்லை.

அண்ணனுக்கு இந்தக் கதையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவர் கதை படிக்கிறவர் இல்லை. நானே போய்ச் சொல்லலாம், ஆனால் ஒழுங்காக இடதுபக்கம் திரும்பத் தெரியாத ஒரு கிழவன் வந்து உங்கள் குடும்ப விஷயம் பேசினால் நீங்கள் கேட்பீர்களா?

அதனால் உங்களிடம் ஒப்படைக்கிறேன். உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் வரும். சமையலுக்கு ஆள் பிடிக்கப் போவீர்கள். உங்கள் தெருவிலேயே அவர் இருக்கலாம். தோளில் துண்டு, அதிகம் பேசாத மனிதர். கோபமோ சோகமோ வந்தால் பாத்திரம் கழுவப் போய்விடுகிறவர் என்று பக்கத்தில் யாராவது சொல்லக்கூடும். அவரிடம் மெனுவெல்லாம் பேசி முடித்த பிறகு, அவருடைய வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். மாதக் கடைசி ஞாயிறு அவர் வேறு வேலை ஒப்புக்கொள்ள மாட்டாராமே, அன்றைக்கு அவருடைய வீட்டிலேயே சமைத்து, மேஜையை நடுவில் போட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் கிறுக்கு என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை.

பழக்க தோஷத்தில் அவர், "எத்தனை பேருக்கு?" என்று கேட்பார்.

அண்ணி, சித்தப்பா, அம்மா, அவர் என்று விரலை மடக்கி எண்ணிச் சொல்லுங்கள். பாப்பாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.